உச்சரிப்பைச் சொல்லி வேலையில் ஒதுக்குகிறார்களா? ஒன்ராறியோவில் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது

"நீ பேசுவது விளங்கவில்லை" என்று கூட்டத்தில் வாயை அடைப்பது, அதையே காரணமாகச் சொல்லிப் பதவியுயர்வைத் தட்டிவிடுவது, பேச்சைப் பழித்துக் காட்டிச் சிரிப்பது, கஸ்டமரோடு பேசும் வேலையிலிருந்து எடுத்துக் கிடங்குக்குள் போடுவது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இவற்றில் ஏதாவது நடக்கிறது என்றால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது.

முறைப்பாடு எழுத உதவி கேட்டு வருபவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில், பெரும்பாலும் சிக்கல் வருவது வரிசை பிழைப்பதால்தான். முதலில் கோபத்தில் ஒரு மின்னஞ்சல், பிறகு எச்.ஆரோடு (மனிதவளப் பிரிவோடு) ஒரு கூட்டம், எல்லாம் முடிந்த பிறகு ஆதாரம் தேடுவது. அதற்குள் திகதிகள் மறந்திருக்கும், பக்கத்தில் நின்று கேட்டவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அதனால் கீழே உள்ள படிகளைத் தாண்டிப் பாயாதீர்கள். ஒன்றை மட்டும் இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்: சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓராண்டு. ஏன் என்பது 7ஆம் படியில் வருகிறது.

## 1. உச்சரிப்பா, புரியாமையா, மொழித்திறனா: முதலில் பிரித்துப் பாருங்கள்

ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட காரணங்களின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் 'மொழி' இல்லை, 'உச்சரிப்பு'ம் இல்லை. இதைப் படித்தவுடன் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். ஆனால் பட்டியலில் வம்சாவளி, இனப் பின்னணி, பிறந்த இடம் ஆகியவை இருக்கின்றன. ஒருவருடைய உச்சரிப்பு இவற்றோடு ஒட்டிய விடயம் என்பதால், அதை வைத்து நடத்தும் பாகுபாடு இந்தக் காரணங்களுக்குள் வரலாம் என்பதே ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையத்தின் நிலைப்பாடு. "அவர் என்னை இலங்கையன் என்றோ இந்தியன் என்றோ சொல்லவில்லையே" என்று தயங்க வேண்டாம்.

அதே நேரம், வேலைக்கு உண்மையாகவே தேவைப்படும் மொழித்திறனை முதலாளி கேட்கலாம். அவசர அழைப்பை எடுப்பவர் சொல்லும் முகவரி ஒரே தடவையில் விளங்க வேண்டும். அங்கே தெளிவான பேச்சு வேலையின் உயிர். கிடங்கில் ஸ்கானர் பிடித்துப் பெட்டி எண்ணுபவருக்கு அதே அளவுகோலை வைத்தால், ஏன் என்று முதலாளிதான் விளக்க வேண்டும்.

ஆகவே உங்களை நீங்களே மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வேலையில் குறை சொல்கிறார்கள்? அதனால் உண்மையில் என்ன பிழைத்தது? எப்போது? மூன்றுக்கும் பதில் இருந்தால் அது திறன் பற்றிய பேச்சாக இருக்கலாம். "பொதுவாகவே விளங்குவதில்லை" என்பதைத் தாண்டி ஒன்றும் இல்லையென்றால், உச்சரிப்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் நேர்மையாக இருங்கள். அறிக்கைகளில் எழுத்துப் பிழை அதிகம் என்று சான்றோடு சொன்னால், அது உச்சரிப்புப் பிரச்சினை ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து எழுதினால், உண்மையான குறையைக் காட்டி மற்றதையும் தள்ளிவிடுவார்கள். பாகுபாடு மட்டுமே காரணம் என்று நிறுவ வேண்டியதில்லை. பல காரணங்களில் அதுவும் ஒன்று என்று காட்டினாலே போதும். வேண்டுமென்று செய்தார்கள் என்று காட்ட வேண்டிய தேவையும் இல்லை.

"எனக்கு ஒன்றுமில்லை, கஸ்டமர்தான் முறையிட்டார்" என்பது அடிக்கடி வரும் பதில். கஸ்டமருக்கு ஓர் உச்சரிப்புப் பிடிக்கவில்லை என்பது பாகுபாட்டுக்கு நியாயம் ஆகாது. கஸ்டமருக்குத் தவறான தகவல் போய்ச் சேர்ந்தது என்றால் அது வேறு கதை. எது நடந்தது என்று கேட்டு வையுங்கள்.

## 2. உங்கள் வேலை எந்தச் சட்டத்துக்குள் வருகிறது?

கடைகள், தொழிற்சாலைகள், உணவகங்கள், வைத்தியசாலைகள், முதியோர் இல்லங்கள் என்று பெரும்பாலான வேலைகள் மாகாணச் சட்டத்தின் கீழ். வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள், விமான சேவைகள், ரயில், தபால், மாகாண எல்லை தாண்டி ஓடும் ட்ரக் நிறுவனங்கள் ஆகியவை மத்திய அரசின் கீழ். அவற்றுக்குக் கனடிய மனித உரிமைகள் ஆணையத்திடம் போக வேண்டும். அங்கேயும் கெடு ஓராண்டுதான்.

விமான நிலையத்தில் ஒப்பந்த நிறுவனத்துக்காகத் துப்புரவு வேலை செய்கிறேன் என்பது போன்ற இடங்களில் எது பொருந்தும் என்பது பார்த்தவுடன் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிழையான கதவைத் தட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு.

தொழிற்சங்கம் இருக்கிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். சங்கத்தின் மூலம் போடும் கிரீவன்ஸுக்கு, அதாவது முறையீட்டுக்கு, கூட்டு ஒப்பந்தத்தில் தனிக் கெடு இருக்கும். அது ஓராண்டைவிட மிகக் குறுகியது.

## 3. குறிப்பேடு: எல்லாம் இதில்தான் நிற்கிறது

சம்பவம் நடந்த அன்றே எழுதுங்கள். தமிழில் எழுதலாம். ஆனால் அவர் சொன்ன ஆங்கில வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் சொல்லில் திருப்பிச் சொன்னால் அதன் கூர் போய்விடும்.

நான் வழக்கமாகப் பார்க்கும் குறிப்பு இப்படி இருக்கும்: "இன்றும் சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினார். மிகவும் மனவேதனை." இதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதே சம்பவத்தை இப்படி எழுதலாம்:

"மார்ச் 4, செவ்வாய், காலை 10.20. லோடிங் டொக் அருகே ஷிஃப்ட் கூட்டம். பதினொரு மணி ட்ரக் பற்றி நான் சொல்லத் தொடங்கினேன். சூப்பர்வைசர் கையைக் காட்டி நிறுத்தி, 'யாராவது இவரை மொழிபெயர்க்க முடியுமா?' என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூன்று பேர் சிரித்தார்கள். போர்க்லிப்ட் ஓட்டுபவரும் இரவு ஷிஃப்ட் லீடும் அங்கே நின்றார்கள். நான் சொல்ல வந்ததை லீட் அதே சொற்களில் சொன்னார். சூப்பர்வைசர் 'சரி' என்றார். எனக்கு மறுபடி பேச வாய்ப்புத் தரவில்லை."

இரண்டாவதில் திகதி, நேரம், இடம், சாட்சி எல்லாம் இருக்கின்றன. முக்கியமாக, அதே செய்தியை இன்னொருவர் சொன்னபோது ஏற்றுக்கொண்டார்கள் என்பது இருக்கிறது. சிக்கல் செய்தியில் இல்லை, சொன்ன குரலில்தான் என்று அந்த ஒரு வரி காட்டிவிடும். மனவேதனையையும் எழுதுங்கள், ஆனால் தனி வரியில்: தூக்கம் வரவில்லை, மறுநாள் சிக் லீவு எடுத்தேன், குடும்ப வைத்தியரிடம் போனேன் என்பது போல. பிற்காலத்தில் இழப்பீடு என்று ஒரு பேச்சு வந்தால் இவை தேவைப்படும்.

ஒப்பீட்டைத் தேடிப் பிடித்து எழுதுங்கள். உங்களைப் போலவே பிழை விட்ட, உங்கள் உச்சரிப்பு இல்லாத ஒருவருக்கு என்ன நடந்தது? அவரைக் கூப்பிட்டுத் திருத்தினார்கள், உங்களை வேலை மாற்றினார்கள் என்றால் அது பெறுமதியான குறிப்பு.

பகிடியாகச் சொன்னதையும் விடாதீர்கள். நீங்களும் சேர்ந்து சிரித்திருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். வேலையைக் காப்பாற்றச் சிரித்தவர் எத்தனையோ பேர். சிரித்ததால் உரிமை போய்விடாது. மறைத்து எழுதினால்தான் பின்னால் நம்பகத்தன்மை போகும்.

எங்கே வைப்பது என்பதிலும் சறுக்குகிறார்கள். வேலைக் கணினியில் வைத்தால், வேலை போகும் நாளன்று கணக்கும் பூட்டப்படும், குறிப்பும் போகும். சொந்தக் கொப்பியிலோ சொந்தத் தொலைபேசியிலோ வையுங்கள். ஆனால் கஸ்டமர் பட்டியல், நோயாளி விபரம், நிறுவனக் கோப்புகள் போன்றவற்றைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். இரகசியத்தை மீறினார் என்று அதையே காரணமாக்கி வேலையை நிறுத்திவிடலாம். அப்படி ஓர் ஆவணம் முக்கியமென்றால் அதன் பெயர், திகதி, எங்கே இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பேச்சைப் பதிவு செய்யலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்களும் பங்கெடுக்கும் உரையாடலைப் பதிவு செய்வது கனடாவின் குற்றவியல் சட்டப்படி குற்றம் அல்ல. ஆனால் நம்பிக்கையை முறித்தார் என்று முதலாளி நடவடிக்கை எடுக்கலாம். என் எண்ணம்: சட்ட ஆலோசனை கேட்காமல் செய்யாதீர்கள். நல்ல குறிப்பேடு பெரும்பாலும் போதும்.

## 4. உங்கள் பக்கத்துத் தாள்களைச் சேருங்கள்

குறிப்பேடு அவர்கள் செய்ததைச் சொல்லும். நீங்கள் வேலையைச் சரியாகச் செய்தீர்கள் என்பதை வேறு தாள்கள் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தந்த வருடாந்த மதிப்பீடு, கஸ்டமர் எழுதிய நன்றி, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லி வந்த செய்தி ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

வேலைக்கு விண்ணப்பித்தபோது வந்த விளம்பரத்தையும் வேலை விபரத்தையும் கட்டாயம் தேடி எடுங்கள். அதில் இல்லாத ஆங்கிலத் தகுதி இப்போது புதிதாக முளைக்கிறது என்றால், அதுவே ஒரு கேள்வி.

மொழித் தேர்வு முடிவு இருந்தால் சேருங்கள். கனடிய மொழித்தர அளவீட்டில், அதாவது சி.எல்.பி.யில், பேசுதல், கேட்டல், வாசித்தல், எழுதுதல் நான்கும் தனித்தனியாக 1 முதல் 12 வரை போடப்படும். 'ஆங்கிலம் போதாது' என்ற மொட்டைப் பேச்சுக்கு எதிரே பேசுதலுக்கான உங்கள் எண்ணை வைக்கலாம். இதற்காகப் புதிதாகக் காசு கட்டித் தேர்வு எழுத ஓட வேண்டாம். குடிவரவுக்கு எழுதியதே தொடக்கத்துக்குப் போதும்.

## 5. முறைப்பாட்டுக்கு முன் ஒரு கேள்விக் கடிதம்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டுகிறார்கள். வாயால் சொன்ன காரணம் நாளுக்கு நாள் மாறும். இன்று 'அக்சென்ட்', நாளை 'டீமோடு ஒத்துப்போகவில்லை', பிறகு 'வேலை குறைந்துவிட்டது'. எழுத்தில் ஒருதடவை கேட்டு வாங்கிவிட்டால் காரணம் அங்கேயே நின்றுவிடும். பதில் வராவிட்டாலும் கேட்டீர்கள் என்பது பதிவில் இருக்கும்.

குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். கடிதத்தின் சாரம் இப்படி இருக்கட்டும்:

"நேற்று நடந்த சந்திப்பில், என் பேச்சு விளங்காததால் டீம் லீட் பதவிக்கு என்னைப் பரிசீலிக்க முடியாது என்று சொன்னீர்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று உறுதிசெய்ய விரும்புகிறேன். எந்தப் பணியில், எந்த நாளில் பிரச்சினை ஏற்பட்டது என்று குறிப்பிட்டால் திருத்திக்கொள்ள உதவியாக இருக்கும். அந்தப் பதவிக்குத் தேவையான மொழித்தகுதி எங்காவது எழுத்தில் இருந்தால் அதையும் அனுப்புங்கள்."

அவ்வளவுதான். சட்டப் பிரிவு எண், பெரிய மேலாளருக்குப் பிரதி, வழக்குப் போடுவேன் என்ற மிரட்டல் எதுவும் வேண்டாம். இரவில் எழுதினால் காலையில் அனுப்புங்கள். ஏ.ஐ.யிடம் கொடுத்து அலங்கார ஆங்கிலத்தில் எழுதுவிப்பவர்கள் இப்போது அதிகம். பிழை திருத்தக் கொடுங்கள், பரவாயில்லை. ஆனால் உங்கள் வாயில் வராத சொற்களால் நிரம்பிய கடிதத்தை வைத்துக்கொண்டு நாளை ஒரு விசாரணையில் "இந்த வரியில் என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று கேட்டால் திணறுவீர்கள்.

கடிதத்தைப் பார்த்துவிட்டு 'உச்சரிப்புத் திருத்த வகுப்பு' என்று ஒன்றை அவர்கள் நீட்டலாம். போவதா என்பது உங்கள் விருப்பம். கட்டாயமா, யார் யாருக்கு, வேலை நேரத்தில் சம்பளத்தோடா என்று எழுத்தில் கேளுங்கள். வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களை மட்டும் அனுப்புகிறார்கள் என்றால் குறிப்பேட்டில் ஏற்றுங்கள்.

## 6. நிறுவனத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு

கேள்விக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ இங்கே வாருங்கள். கிண்டல் தொடர்ந்து நடக்கிறது என்றால் காத்திராமல் நேராக இந்தப் படிக்கு வரலாம்.

தொழிற்தள உடல்நல, பாதுகாப்புச் சட்டப்படி முதலாளியிடம் வேலைத்தளத் துன்புறுத்தல் பற்றிய கொள்கை ஒன்று இருக்க வேண்டும். முறைப்பாடு வந்தால் பொருத்தமான முறையில் விசாரிக்க வேண்டும். விசாரணையின் முடிவை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். அந்தக் கொள்கையை முதலில் கேட்டு வாங்கிப் படியுங்கள். யாரிடம் கொடுக்க வேண்டும், முறையிடப்படுபவர் மேலாளராகவே இருந்தால் வேறு யாரிடம் போக வேண்டும் என்று அதில் இருக்கும்.

கடிதத்தில் விடக்கூடாதது ஒன்று: காரணத்தின் பெயர். "என்னை மரியாதைக் குறைவாக நடத்துகிறார்" என்று மட்டும் எழுதினால், இரண்டு பேருக்கு இடையிலான பிணக்கு என்று கோப்பை மூடிவிடுவார்கள். "என் பிறந்த இடத்தோடும் இனப் பின்னணியோடும் தொடர்புடைய உச்சரிப்பைக் காரணமாக வைத்து நடக்கிறது" என்று ஒரு வரி சேர்த்தால், அது மனித உரிமைச் சட்டத்துக்குள் வந்துவிடும். உங்கள் உரிமையைக் கோரியதற்காகப் பழிவாங்குவதும் அதே சட்டத்தில் தனியாகத் தடைசெய்யப்பட்டிருக்கிறது. எதைக் கோரினீர்கள் என்பது கடிதத்தில் தெளிவாக இருந்தால்தான், பிறகு ஷிஃப்டைக் குறைத்தபோது இரண்டையும் முடிச்சுப் போட முடியும்.

எச்.ஆர். உங்கள் சட்டத்தரணி இல்லை. அவர் நல்லவராக இருக்கலாம், ஆனால் நிறுவனத்துக்காக வேலை செய்பவர். கூட்டம் முடிந்த கையோடு, பேசியதைச் சுருக்கி "நான் விளங்கிக்கொண்டது இது" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கூட்டத்தில் கேள்வி விளங்கவில்லையென்றால் திரும்பக் கேளுங்கள். 'ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள்' என்று பயந்து தலையாட்டி, பின்பு அந்தத் தலையாட்டலே ஒப்புக்கொண்டதாகப் பதிவானதைப் பார்த்திருக்கிறேன்.

## 7. தீர்ப்பாயம்: ஓராண்டுக் கணக்கு

பெயரில் முதல் குழப்பம். ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணையம் கொள்கை வகுக்கிறது. உங்கள் முறைப்பாட்டை அது எடுக்காது. விண்ணப்பத்தை ஏற்றுத் தீர்ப்புச் சொல்வது ஒன்ராறியோ மனித உரிமைகள் தீர்ப்பாயம். உங்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தருவது மனித உரிமைகள் சட்ட உதவி நிலையம். முதல் அழைப்பு இந்த மூன்றாவது இடத்துக்குப் போகட்டும்.

கெடு, சம்பவத்திலிருந்து ஓராண்டு. தொடர் சம்பவங்கள் என்றால் கடைசிச் சம்பவத்திலிருந்து. இடையில் நீண்ட இடைவெளி இருந்தால் தொடர் என்று ஏற்காமல் விடக்கூடும். பழைய சம்பவத்தை நம்பி இருக்காதீர்கள். மிக முக்கியமானது: நிறுவனத்துக்குள் விசாரணை நடக்கிறது என்பதற்காக இந்தக் கடிகாரம் நிற்காது. "முடிவு வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று பதினான்காம் மாதத்தில் வந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. படிவத்தில் சம்பவங்களைத் திகதி வரிசையில் கேட்பார்கள். 3ஆம் படியைச் சரியாகச் செய்தவருக்கு அது பிரதி எடுக்கும் வேலைதான். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் ஆரம்பத்திலேயே கேளுங்கள். கேட்டால் வழக்குப் பலவீனமாகும் என்ற பயம் வேண்டாம். வேலைக்குப் போதுமான ஆங்கிலம் ஒன்று, சட்ட விசாரணைக்கு வேண்டிய ஆங்கிலம் வேறு.

விண்ணப்பம் எதிர்த்தரப்புக்குப் போனதும் பதில் தர 35 நாள் கிடைக்கும். பிறகு சமரசப் பேச்சு. பெருமளவு வழக்குகள் அங்கேயே தீர்வதால், என்ன வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போங்கள். இழந்த சம்பளம், மனம் புண்பட்டதற்கும் தன்மதிப்புக் குலைந்ததற்கும் இழப்பீடு, மேலாளருக்குப் பயிற்சி, நல்ல சான்றுக் கடிதம் என்று பலதும் கேட்கலாம். 'மன்னிப்புக் கேட்டால் போதும்' என்று மட்டும் நினைத்துப் போனவர்கள் வெளியே வந்து வருந்துவதுண்டு.

தொழிற்சங்கக் கிரீவன்ஸ் ஓடிக்கொண்டிருந்தால் தீர்ப்பாயம் உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவைக்கலாம். அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

## 8. நேர்முகத் தேர்விலேயே நடந்தால்

"இது எந்த நாட்டு அக்சென்ட்?" என்ற கேள்விக்குச் சண்டை பிடிக்கவும் வேண்டாம், ஊர்க் கதை சொல்லவும் வேண்டாம். "இந்த வேலையில் யாரோடு பேச வேண்டியிருக்கும்? அதற்கு என் அனுபவத்தைச் சொல்லட்டுமா?" என்று வேலைக்குத் திருப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் கேள்வியை எழுதி வையுங்கள்.

விளம்பரத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். சில நாளில் காணாமல் போகும். 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொதுவில் போடும் விளம்பரத்தில் 'கனடிய அனுபவம்' கேட்கக்கூடாது. நேர்முகத் தேர்வுக்குப் போனவருக்கு முடிவையும் 45 நாளுக்குள் சொல்ல வேண்டும். வேலை ஏஜென்சி "கம்பெனி அக்சென்ட் இல்லாதவர்களைக் கேட்கிறது" என்று சொன்னால், பழியை கம்பெனி மேல் போட்டு ஏஜென்சி தப்ப முடியாது. சட்டம் ஏஜென்சியையும் கட்டும்.

## 9. வேலையை விடுவதும் கையெழுத்துப் போடுவதும்

தாங்க முடியாமல் ஒரு நாள் எழுந்து வந்துவிடத் தோன்றும். உடல்நலம் அதைக் கேட்டால் வைத்தியரிடம் போய் லீவு எடுப்பது முதல் வழி. தானாக வேலையை விட்டவருக்கு வேலையின்மைக் காப்புறுதி சாதாரணமாகக் கிடைக்காது. பாகுபாடும் துன்புறுத்தலும் நியாயமான காரணங்கள் என்று சட்டம் ஏற்கிறது. ஆனால் வேறு நியாயமான வழி இருக்கவில்லை என்று நீங்கள் காட்ட வேண்டும். 5ஆம், 6ஆம் படிக் கடிதங்கள் இங்கேயும் கைகொடுக்கும்.

அவர்களே வேலையை நிறுத்தினால், காசோலையோடு ஒரு தாளை நீட்டுவார்கள். அதில் மனித உரிமை முறைப்பாடு உட்பட எல்லா உரிமைகளையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு பந்தி இருக்கும். கையெழுத்திட்டால் 7ஆம் படியின் கதவு பெரும்பாலும் மூடிவிடும். அந்த இடத்திலேயே ஒப்பமிடச் சொன்னாலும், "வாசித்துவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உழைத்த சம்பளமும் விடுமுறைச் சம்பளமும், சட்டப்படி சேரவேண்டிய குறைந்தபட்ச நிறுத்தக் கொடுப்பனவும் கையெழுத்து இல்லாமலே உங்களுக்குத் தரவேண்டியவை. அதற்கு மேல் தருவதாகச் சொல்லும் தொகைக்குத்தான் அந்தத் தாள். அது போதுமா என்று சட்ட உதவி நிலையத்திடமோ ஒரு சட்டத்தரணியிடமோ கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.